வேலையை விட நினைத்த உறுமிக் கலைஞர்: பினாங்கில் ஒரு தொழில் ஆலோசனையின் நிகழ்வு ஆய்வு

பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 16 ஆண்டுகள் பணியாற்றிய, 38 வயதுடைய டெக்னீஷியன் ஒருவர், வேலையை விட்டுவிட்டு உறுமி மேளத்தையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொள்ளலாமா என்ற கேள்வியோடு ஆலோசனைக்கு வந்தார். அவருடைய ஒப்புதலோடு இந்த நேர்வை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர்களுக்கு இரகசியம் காப்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அன்று. ஆகவே அவரைப் பெயரின்றி ‘அவர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

இந்த நேர்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூட நிகழ்ச்சிகளிலும் தன்முனைப்புப் பேச்சாளர்கள் பலர் “மனசுக்குப் பிடித்ததைச் செய், பணம் பின்னாலேயே வரும்” என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ “கையில் இருக்கிற வேலையை விட்டுவிடாதே” என்கிறார்கள். இரு தரப்பும் வேலையைப் பற்றித்தான் பேசுகின்றன. அந்த ஆர்வம் ஒருவருக்குள் எப்படிக் குடியிருக்கிறது, அது அவரை நடத்துகிறதா, அவர் அதை நடத்துகிறாரா என்பதை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் ‘விடலாமா’ என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதே என் நிலைப்பாடு.

பின்னணி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தந்தை உறுமி வாசித்தவர். தோட்டம் துண்டாடப்பட்டபின் குடும்பம் தீவுக்கு வந்து மலிவுவிலை அடுக்குமாடி ஒன்றில் குடியேறியது. எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்து, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்று, பலரையும் போல அவரும் பாயான் லெப்பாஸ் பேருந்தில் ஏறினார். 1972இல் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயமாகத் தொடங்கிய அந்த வட்டாரம், பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தோட்டக் கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்குக் கொண்டுவந்த இடம். அங்கே கிடைத்த வேலையை விடுகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது வீட்டில் எழும் பதற்றத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பார்ப்பது வயர் பாண்டிங் பிரிவு. மின்னணுச் சில்லிலிருந்து வெளிச்சட்டகத்துக்கு, தலைமுடியைவிட மெல்லிய தங்க அல்லது செம்புக் கம்பியை வெப்பம், அழுத்தம், மீயொலி அதிர்வு ஆகியவற்றால் இணைக்கும் இயந்திரங்களைச் சீராக ஓடவைப்பது அவர் பொறுப்பு. இயந்திரத்தின் ஓட்டச் சத்தம் மாறுவதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வதாகக் கூறினார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பெருமிதம் இருந்தது. 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும்.

உறுமிக் குழுவை அவர் ஒன்பது ஆண்டுகளாக நடத்துகிறார். உறுமி, தவில், ஜால்ரா எனக் கூடி வாசிக்கும் குழு; தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும்போதும், ஆடி மாதத் திருவிழாக்களிலும், அண்மைக் காலமாகத் திருமண வரவேற்புகளிலும் அழைப்பு வரும்.

ஆலோசனைக்கு வருமுன் ஆறு மாதங்களில் அவருடைய எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) விடுப்பு கூடியிருந்தது, தூக்கம் குறைந்திருந்தது, மேற்பார்வையாளரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதமும் வந்திருந்தது. “வேலைய விட்டுட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணுது மேடம்” என்பதே முதல் அமர்வில் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

மதிப்பீடு

மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான முதல்நிலைச் சோதனைகளில் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவு எதுவும் தென்படவில்லை. தூக்கக் குறைவுக்கு ஷிப்ட் மாற்றமே பெரும்பங்கு காரணம் என்று கொள்ள இடமிருந்தது. எனவே கவனம் ஆர்வத்தின் தன்மை பக்கம் திரும்பியது.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வாலரண்டும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட இருவகை ஈடுபாட்டுக் கோட்பாடு இங்கே எனக்கு அடிப்படையாக இருந்தது. ஒரு செயலை ஒருவர் விரும்புகிறார், அதை முக்கியமாகக் கருதுகிறார், நேரமும் ஆற்றலும் செலவிடுகிறார், அது ‘நான் யார்’ என்பதன் பகுதியாகவே ஆகிவிடுகிறது; இதுவரை எல்லாருக்கும் பொது. ஆனால் அது உள்ளே வந்து அமர்ந்த விதத்தால் இரண்டாகப் பிரிகிறது. தானாக விரும்பி ஏற்ற ஈடுபாடு வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு இணங்கிப் போகும். இதை இணக்கமான ஈடுபாடு எனலாம். மதிப்பு, புகழ், பிறர் ஏற்பு போன்றவற்றோடு கட்டப்பட்டு உள்ளே வந்த ஈடுபாடு ஆளைப் பிடித்தாட்டும்; செய்யாவிட்டால் தவிப்பு, செய்து முடித்தபின்னும் மனம் அதையே சுற்றும், வீட்டோடும் வேலையோடும் மோதும். இரண்டையும் வெளியிலிருந்து பார்ப்பவர் ‘ஆர்வம்’ என்ற ஒரே சொல்லால்தான் அழைப்பார்.

வாலரண்டின் ஈடுபாட்டு அளவுகோலை ‘உறுமி’ என்ற ஒன்றுக்குப் பொதுவாகப் பயன்படுத்தாமல், மேடையிலும் ஊர்வலத்திலும் வாசிப்பது, சிறுவர்களுக்குக் கற்பிப்பது, கருவியைப் பழுதுபார்ப்பது என மூன்றாகப் பிரித்துப் பயன்படுத்தினேன். ஒரு கலைக்குள் பல வேலைகள் இருக்கின்றன. ஒருவருக்கு எல்லாம் ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விடை தெளிவாகவே வந்தது: மேடை வாசிப்பில் பிடித்தாட்டும் ஈடுபாடு உயர்ந்திருந்தது, கற்பிப்பதிலும் பழுதுபார்ப்பதிலும் அது ஏறக்குறைய இல்லை, இணக்கமான ஈடுபாடே மேலோங்கியிருந்தது.

அளவுகோலை மட்டும் நம்பி நான் முடிவெடுப்பதில்லை. மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் பேஜர் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும் நேரங்களில் என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று எழுதச் செய்தார்கள். அதே முறையைக் கைப்பேசி அலாரம் கொண்டு இரண்டு வாரங்கள் பின்பற்றினோம்; இயந்திரத்தருகே கைப்பேசி கொண்டுபோக முடியாததால் வேலை நேரத்தில் இடைவேளைகளில் நினைவிலிருந்து எழுதினார். அந்தக் குறிப்பேடுதான் இந்த நேர்வின் திருப்பம்.

தொழிற்சாலை என்றாலே வெறுப்பு என்று வந்தவருடைய குறிப்புகளில் தொழிற்சாலை நேரம் ஒரே நிறத்தில் இல்லை. இரவு ஷிப்டில் தனியாக அமர்ந்து பதிவேடு நிரப்பும் நேரங்கள் அடிமட்டத்தில் இருந்தன. இயந்திரம் திடீரென நின்று காரணம் தேடும் நேரங்களிலும், புதிதாகச் சேர்ந்தவருக்கு அதை விளக்கும் நேரங்களிலும் அவர் நேரம் போனதே தெரியாமல் இருந்திருக்கிறார். மறுபுறம் உறுமி: ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் பையன்களோடு இருக்கும் நேரமும், தோலை இழுத்துக் கட்டி, வளைந்த குச்சியால் தேய்த்து ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்கும் நேரமும் உச்சத்தில் இருந்தன. மேடை நேரம் உச்சமும் பள்ளமுமாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்த இரவுகளில் அவர் எழுதியவை எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை: எந்தக் குழுவின் காணொளிக்கு எத்தனை பார்வை.

ஆக, அவருக்கு உயிர் தருவது இரண்டு இடங்களிலும் ஒன்றாகவே இருந்தது. ஒலியைக் கேட்டுக் கோளாறு அறிவது, அறிந்ததை இன்னொருவர் கையில் சேர்ப்பது. அவர் விட நினைத்த வேலையில் அது பாதி இருந்தது. அவர் போக நினைத்த பிழைப்பில், குறிப்பாகக் கூலிக்கு மேடை ஏறும் பகுதியில், அது குறைவாகவே இருந்தது.

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வகுத்த தன்னாட்சிக் கோட்பாடு, மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்கிறது: தன் விருப்பப்படி செயல்படுவது, திறமையை உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. அவருக்குத் தொழிற்சாலையில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் பட்டியல் முதல் விடுப்பு நாள் வரை பிறர் முடிவுசெய்வதால் முதல் தேவை பட்டினி கிடந்தது. குழுத் தலைவராக அவர் அனுபவித்தது அந்தச் சுதந்திரத்தையே. ‘எனக்கு உறுமிதான் வாழ்க்கை’ என்ற அவருடைய வாக்கியத்தில் ஒரு பகுதி ‘என் நாட்களை நானே முடிவுசெய்ய வேண்டும்’ என்பதாக இருந்தது.

பணம்

இந்த அமர்வை அவர் தவிர்க்கப் பார்த்தார், நான் விடவில்லை. ஆர்வத்தைப் பிழைப்பாக்க நினைப்பவரிடம் பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது ஆலோசனை ஆகாது.

கணக்கு கடினமானதன்று. தொழிற்சாலையில் வழக்கமான நாட்களின் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு மணிக்கூலி உண்டு. ஊழியர் சேமநிதிக்கு அவர் செலுத்தும் 11 விழுக்காட்டின் மேல், அவருடைய சம்பள நிலையில் இருப்பவருக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்துகிறார். குடும்பத்துக்கான மருத்துவ வசதி தனி. உறுமிக் குழுவுக்குக் கிடைப்பதை ஆட்களுக்குப் பங்கிட்டு, வேன் வாடகையும் தோல் செலவும் கழித்தால் மிஞ்சுவது திருவிழாக் காலத்தில் கணிசமாகவும் மற்ற மாதங்களில் ஒன்றுமில்லாமலும் இருந்தது. இதை அவர் முதன்முறையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்.

உளவியல் பக்கம் இன்னும் சிக்கலானது. மார்க் லெப்பரும் வேறு இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதை விரும்பிய பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பின் ஓய்வு நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றப் பிரிவினரின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. 128 ஆய்வுகளைத் தொகுத்து டெசி, கெஸ்ட்னர், ரையன் ஆகியோர் 1999இல் செய்த பகுப்பாய்வும், எதிர்பார்த்துப் பெறும் பொருள்வழி வெகுமதி உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கிறது என்றே காட்டியது. திறமையை எடுத்துச்சொல்லும் பாராட்டு அப்படிக் குறைப்பதில்லை. இதைக் கொண்டு ‘கலைக்குப் பணம் வாங்காதே’ என்று சொல்வது அபத்தம். வாங்கும் பணம் ‘நீ நன்றாகச் செய்தாய்’ என்று சொல்கிறதா, ‘நாங்கள் சொன்னபடி ஆடு’ என்று சொல்கிறதா என்பதே கேட்க வேண்டியது. வரவேற்பு நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லும்போது தனக்கு எரிச்சல் வருவதாக அவர் சொன்னது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் இங்கே வெளிவந்தது. சில இடங்களில் பேசிய தொகையைவிடக் குறைத்துக் கொடுத்து, “சாமி காரியந்தானே தம்பி” என்று அனுப்பிவிடுவார்கள். ஜே யூன் கிம்மும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒருவர் தன் வேலையை ஆசையோடு செய்கிறார் என்று நினைக்கும்போது அவரிடம் கூலியில்லாத கூடுதல் வேலை வாங்குவதை மக்கள் நியாயமாகக் கருதுகிறார்கள் என்று காட்டின. ஆர்வம் உள்ளவரைச் சுரண்டுவது எளிது, அதற்கு அவரே ஒத்துழைப்பார் என்பது கசப்பான உண்மை. பக்தியும் அதோடு கலந்துவிட்டால் மறுத்துப் பேச நாக்கு எழாது.

முழுவதும் விடுவதா, வேண்டாமா என்ற இரட்டைத் தேர்விலிருந்து அவரை வெளியே கொண்டுவர உதவியது ஜோசப் ராஃபியும் ஜீ ஃபெங்கும் 2014இல் வெளியிட்ட அமெரிக்கத் தரவு ஆய்வு. வேலையில் இருந்துகொண்டே சுயதொழிலைத் தொடங்கிப் பின்னர் அதற்கு மாறியவர்கள், ஒரேயடியாகக் குதித்தவர்களைவிட அந்தத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. “அப்ப நான் இப்ப செய்யறது கோழைத்தனம் இல்லையா?” என்று கேட்டார். கோழைத்தனம் என்று அதற்குப் பெயர் வைத்தது யார் என்று திருப்பிக் கேட்டேன். ஒரு பேச்சாளரின் பெயரைச் சொன்னார்.

துணைவியார் வந்த அமர்வு

அவருடைய சம்மதத்தோடு துணைவியாரை ஓர் அமர்வுக்கு அழைத்தேன். கணவரின் கலைக்கு அவர்தான் தடை என்ற எண்ணம் அதுவரை நடந்த பேச்சுகளில் மறைந்து இருந்தது. அவர் சொன்னது வேறு. “உறுமியக் கையில எடுத்தா எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல மேடம். வீட்டுக்கு வந்தப்பறம் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்களே, பிள்ளைங்க கூப்பிட்டாக்கூட காதுல விழாம, அதத்தான் தாங்க முடியல.” அளவுகோலும் குறிப்பேடும் பல வாரங்களில் காட்டியதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். அவர் கணவர் அன்று அதிகம் பேசவில்லை.

தலையீடு

முதலில் மேடையைச் சுற்றியிருந்த பிடியைத் தளர்த்த வேண்டியிருந்தது. காணொளி பதிவேற்றும் பொறுப்பும் அந்தப் பக்கத்தின் கடவுச்சொல்லும் அவருடைய அக்காள் மகனிடம் போயின. மாதத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மேல் ஏற்பதில்லை, தைப்பூசமும் ஆடியும் விலக்கு என்று குழுவோடு பேசி முடிவெடுத்தார். மறுப்பதற்கு மனவுறுதி போதாது என்பதால் பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்ற திட்டமுறையைக் கையாண்டோம்: இரவில் யாராவது அழைத்து நிகழ்ச்சி கேட்டால், “நாளைக்குக் காலையில சொல்றேண்ணே” என்று மட்டும் சொல்வது. அற்பமாகத் தெரியும் இந்த வாக்கியம் வேறெந்தப் பயிற்சியையும்விட அவருக்குப் பயன்பட்டது.

தொழிற்சாலைப் பக்கம் ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கருத்து வழிகாட்டியது. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை ஆராய்ந்த அவர்கள், அதே பணிப்பட்டியலில் இருந்த சிலர் நோயாளிகளோடு பேசுவதையும் அவர்களுக்கு ஆறுதலாக இருப்பதையும் தம் வேலையின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டதைக் கண்டார்கள். செய்யும் பணிகளை, பழகும் மனிதர்களை, அந்த வேலையைப் பற்றிய எண்ணத்தை ஒருவர் தாமே செதுக்கிக்கொள்ள முடியும் என்பது அதன் சாரம். அவருக்கு இதில் முதல் இரண்டும் பொருந்தின. புதிய டெக்னீஷியன்களுக்கு இயந்திரத்தருகே பயிற்சி கொடுக்கும் பொறுப்பைச் சோதனையாக ஒரு வரிசையில் ஏற்றுக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் அவரே போய்க் கேட்டார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த அதே மேற்பார்வையாளர் சம்மதித்தார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் பிரிவில் இது அவருக்கும் தேவையாக இருந்தது.

பயிற்சி கொடுக்க வேண்டுமானால் இரவு ஷிப்ட் தடை. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றக் கோரி ஊழியர் எழுத்து மூலம் நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்க வழிசெய்கிறது. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்பதற்கு உரிமை உண்டு, கிடைப்பதற்கு உத்தரவாதம் இல்லை. இப்படியொரு வழி இருப்பதே அவருக்குத் தெரியாது. விண்ணப்பத்தை அவரே எழுதினார், நான் திருத்தவில்லை. ஆறு மாதங்களுக்குப் பகல் ஷிப்ட் மட்டும் என்று ஒப்புதல் வந்தது. இரவு ஷிப்டுக்கான படித்தொகை போயிற்று.

ஓர் எண்ணத்தையும் கலைக்க வேண்டியிருந்தது. தனக்கென்று ஒரு வேலை எங்கோ காத்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் சிரமமே இராது என்று அவர் நம்பினார். பால் ஒகீஃப், கேரல் டுவெக், கிரகரி வால்டன் ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஆர்வம் முன்பே உருவாகி உள்ளே கிடக்கிறது என்று நம்பியவர்கள், புதிதாக ஆர்வம் கொண்ட விஷயத்தைப் பற்றிக் கடினமான கட்டுரை ஒன்றைப் படித்ததும், ஆர்வம் வளர்க்கப்படுவது என்று நம்பியவர்களைவிட வேகமாக அதைக் கைவிட்டார்கள். பயிற்சியாளராக அவருடைய முதல் வாரங்கள் மோசமாகவே போயின: ஆங்கிலத்தில் எழுதிய கையேட்டைப் படித்துக் காட்டினார், யாருக்கும் புரியவில்லை. “இதுவும் நமக்கானது இல்ல” என்று வந்தார். ஞாயிறு வகுப்பில் பையன்களுக்கு எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். முதலில் வாசிக்க விடமாட்டாராம். கண்ணை மூடிக் கேட்கச் சொல்வாராம். அடுத்த வாரம் புதியவர்களை இயந்திரத்தருகே நிறுத்தி, நல்ல ஓட்டத்தையும் கெட்ட ஓட்டத்தையும் கேட்டு வேறுபாடு சொல்லச் சொன்னார். கையேடு பிறகு வந்தது.

ஓராண்டுக்குப் பின்

அளவுகோலை மீண்டும் கொடுத்தபோது மேடை வாசிப்பில் பிடித்தாட்டும் ஈடுபாடு இறங்கியிருந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் பழைய பதற்றம் வந்ததாக அவரே சொன்னார். எம்.சி. விடுப்பு குறைந்தது. தூக்கம் மேம்பட்டதற்குப் பகல் ஷிப்ட் எவ்வளவு காரணம், ஆலோசனை எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இந்த நேர்வில் வழியில்லை. குழுவில் இருவர் நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டன என்று வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். அது அவரைப் புண்படுத்தியது. மாத வருமானம் முன்பைவிடக் குறைவு. உறுமி, தவில் பழுதுபார்க்கும் வேலைக்குப் பிற குழுக்களிடமிருந்து கருவிகள் வரத் தொடங்கியுள்ளன, அதற்கு அவர் தயங்காமல் விலை சொல்கிறார்.

வேலையை விடும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை, நானும் கைவிடச் சொல்லவில்லை. ஆறு மாத வீட்டுச் செலவு சேமிப்பில் இருக்க வேண்டும், பழுதுபார்ப்பு வருமானம் ஓராண்டு தொடர்ந்து வர வேண்டும் என்று அவரும் துணைவியாருமாகச் சேர்ந்து நிபந்தனைகள் வகுத்திருக்கிறார்கள். முன்பு அது தப்பித்தலாக இருந்தது. இப்போது தேதி குறிக்கப்படாத ஒரு திட்டமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் ஆலோசகர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அவர் நிரந்தர ஊழியர், 16 ஆண்டு அனுபவம் உள்ளவர், அவர் திறமை அந்தப் பிரிவுக்குத் தேவைப்பட்டது. அதே தளத்தில் ஏஜெண்ட் மூலம் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் இதே கோரிக்கையோடு போயிருந்தால் கதவு திறந்திருக்காது என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் ‘உன் வேலையை நீயே செதுக்கிக்கொள்’ என்று சொல்வது, முதலாளி செய்ய வேண்டியதைத் தொழிலாளியின் மனத்தின்மேல் ஏற்றுவதாகிவிடும்; அங்கே உளவியலைவிடத் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் பயன்படும்.

பகல் ஷிப்டுக்கான ஆறு மாத ஒப்புதல் ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. பயிற்சியாளர் என்ற பொறுப்புக்குத் தனிப் பதவியும் அதற்குரிய சம்பள நிலையும் கேட்டு அவர் அண்மையில் எழுதிய விண்ணப்பம் மனிதவளப் பிரிவில் இருக்கிறது. மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதை அடுத்த அமர்வில் துணைவியாரோடு சேர்ந்து பேசுவதாக ஏற்பாடு.